வெயிலை உண்டு இரவில் எரியும் விளக்கு

இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. வீட்டு முற்றத்திலும் தோட்டத்துப் பாதையிலும் நட்டுவைக்கிறோமே, அந்தச் சூரிய விளக்கைப் பற்றியே பேச எண்ணுகிறேன். சோலார் லைற் என்று கடையிற் கேட்டு வாங்குகிறோம், மண்ணிற் குத்துகிறோம், மாலையானதும் அது தானே எரிகிறது. எரியும்வரையில் அதைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. எரியாதுபோனால் பிடுங்கி எறிந்துவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவிலே நாம் அறியத்தக்கதும் செய்யத்தக்கதும் சில உள என்பதே இப்பேச்சின் சாரம்.

நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லன். கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் படிப்பித்து, பின்னர் அதிபர் பதவியை ஏற்றவன். அத்தகைய ஒருவன் மின்சுற்றைப் பற்றிப் பேச வந்தது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாடசாலை வன்னியிலே உள்ளதோர் அரசினர் பாடசாலை. தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் மாணவியருக்கென அங்கே சிறு விடுதியொன்று உண்டு. விடுதியிலிருந்து கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் செல்லும் பாதை ஏறக்குறைய 50 மீற்றர் நீளமானது. 2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் மின்வெட்டு நிலவியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்சாரம் இல்லாதிருந்தது. அந்நாட்களிலே எங்கள் பழைய மாணவர் சிலர் பன்னிரண்டு சூரிய விளக்குகளை வாங்கித் தந்தனர். பாதையின் இரு மருங்கிலும் அவற்றை நட்டோம். பிள்ளைகள் அச்சமின்றி நடந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின, பின்னர் அணைந்தன. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மாரிகாலத்தில் ஓரிரவு, ஒரு மாணவி இருளில் நடந்துசென்று, பாதையின் நடுவே கிடந்த விரியன் பாம்பை ஓரடி தூரத்திற் கண்டு அலறினாள். கடிக்கவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு விளக்கு எரிவதும் எரியாதிருப்பதும் ஒரு பிள்ளையின் உயிரோடு தொடர்புடைய காரியம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாட் காலையில் நான் என்ன செய்தேன்? பழுதான விளக்குகள் யாவற்றையும் பிடுங்கி, வளவின் பின்புறத்துக் குப்பைக்குழியிற் போட்டுவிடும்படி காவலாளரிடம் சொன்னேன். புதிய விளக்குகளுக்குப் பணவுதவி கேட்டுக் கடிதமொன்றும் எழுதத் தொடங்கினேன். அப்பொழுது பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி அலுவலக வாயிலில் வந்து நின்றாள். அவளுடைய தந்தையார் வானொலிப் பெட்டிகளைத் திருத்துபவர்.

“சேர், பன்னிரண்டும் ஒன்றாய்ப் பழுதாகியிராது. எறிய முன்னம் ஒன்றைத் திறந்து பார்க்கலாமோ?” என்று கேட்டாள்.

“பார்க்கலாம் பிள்ளை. ஆனால் இதற்குள்ளே என்னதான் இருக்கப்போகிறது?” என்றேன்.

“அது பகலில் ஏன் எரிவதில்லை, சேர்?”

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இல்லையென்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. “உள்ளே வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண் வைத்திருப்பார்கள்” என்று சொல்லிவைத்தேன். அவள் விளக்கைத் திறந்தாள். இருவரும் தேடினோம். கண் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே காணப்படவில்லை. அன்று முதல் மூன்று கிழமைகளாக, எங்கள் விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு, அந்த மாணவியும் நானும் கற்றுக்கொண்டதையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

விளக்கின் தலையைத் திறந்தால் உள்ளே ஐந்து பொருள்களே இருக்கும். மேலே ஒரு கருநிறச் சூரியப் பலகை. இதனைச் சோலார் பனல் என்பர். உள்ளே ஒரு சிறு மின்கலம். அது ரோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரியைப் போன்றது. மூன்றாவது, நான்கு கால்களையுடைய ஒரு சிறு கறுப்புத் துண்டு, இதனை ஐ.சி. என்பர். நான்காவது, பச்சை உடம்பும் நிறக்கோடுகளும் கொண்ட ஒரு சிறு உருளை. ஐந்தாவது விளக்கு, அதாவது எல்.ஈ.டி. என வழங்கும் ஒளிகாலும் இருவாயி. இவற்றோடு ஓர் ஆளியும் சில கம்பிகளும் உண்டு. இவ்வளவே.

முதலிற் சூரியப் பலகையை நோக்குவோம். இது சிலிக்கன் என்னும் மூலகத்தாலானது. ஒளி பட்டால் மின் பிறக்கும் என்பதைப் பிரான்சு நாட்டு எட்மன்ட் பெக்கரல் 1839ஆம் ஆண்டிற் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 19. எனினும், அது பயன்தரும் கருவியாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் சிலிக்கனாலான சூரியகலத்தை உலகுக்குக் காட்டியது. அதன்மேல் விழுந்த ஒளியின் ஆற்றலில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்னாக மாற்றியது. 1958இல் வான்வெளிக்குச் சென்ற வன்காட் என்னும் செய்மதி அத்தகைய கலங்களைத் தாங்கிச் சென்று, 1964 வரையில் அவற்றின் வலுவால் வானொலிச் சைகை அனுப்பியது. அன்று விண்ணிலே சுற்றிய பொருளின் இனத்தைச் சேர்ந்ததொன்று இன்று எங்கள் கிணற்றடியில் நிற்கிறது என்பது, வரலாறு படித்த எனக்குப் பெருவியப்பாக இருந்தது.

சிலிக்கன் கலமொன்று வெயிலில் ஏறக்குறைய அரை வோற்று அழுத்தத்தையே தரும். அது பெரிதாயினும் சிறிதாயினும் அழுத்தம் அதுவே. பரப்புக் கூடினால் ஓட்டம் கூடுமேயன்றி அழுத்தம் கூடாது. ஆகையால் நான்கு சிறு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து 2 வோற்று வரையிற் பெறுகிறார்கள். எங்கள் விளக்கின் பலகையை உற்றுநோக்கினால் அந்த நான்கு துண்டுகளும் நன்றாகத் தெரியும்.

பகல் முழுவதும் இம்மின் உள்ளிருக்கும் மின்கலத்துக்குச் செல்கிறது. அக்கலம் மீள மின்னேற்றத்தக்கது, 1.2 வோற்று உடையது. பலகையின் அழுத்தம் கலத்தின் அழுத்தத்திலும் கூடியிருப்பதால் மின் கலத்தினுள்ளே பாய்கிறது. இரவிற் பலகையின் அழுத்தம் இல்லாமற்போகும்போது, சேர்த்துவைத்த மின் பலகை வழியே திரும்பி வடிந்துவிடக் கூடாதன்றோ? அதனைத் தடுக்க ஒருவழிக் கதவு ஒன்று வேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சும் பம்பியின் குழாயடியில் ஒரு வால்வு இருக்கும். நீர் மேலே வரும், கீழே இறங்காது. அதே தொழிலை மின்னில் இருவாயி என்னும் உறுப்புச் செய்கிறது. எங்கள் விளக்கில் அது கறுப்புத் துண்டாகிய ஐ.சி.யின் உள்ளேயே அடங்கியிருக்கிறது.

இனி, மாணவி கேட்ட கேள்விக்கு வருவோம். பகலில் விளக்கு ஏன் எரிவதில்லை? கண் எங்கே இருக்கிறது?

பழைய சூரிய விளக்குகள் சிலவற்றில், ஒளியை உணர்வதற்கென்றே தனியான ஓர் உறுப்பு இருந்தது. எங்கள் விளக்கிலோ சூரியப் பலகையே கண். கறுப்புத் துண்டின் நான்கு கால்களில் ஒன்று பலகையோடு இணைந்திருக்கிறது, ஒன்று மின்கலத்தோடு, ஒன்று பச்சை உருளையோடு, மற்றொன்று யாவற்றுக்கும் பொதுவான எதிர்முனையோடு. பலகையிலிருந்து போதிய அழுத்தம் வரும்வரையில் அத்துண்டு விளக்கை எரியவிடாது. அந்தி சாய்ந்து, பலகையின் அழுத்தம் குறித்த அளவிற்குக் கீழே இறங்கியதும், அது தன் வேலையைத் தொடங்குகிறது. உணவூட்டும் வாயே பொழுதறியும் கண்ணாகவும் பயன்படுகிறது. நாங்கள் இல்லாத கண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம். அதுவோ எங்கள் முன்னே விரிந்து கிடந்தது.

இதனை நீங்களும் வீட்டிலே சோதித்துப் பார்க்கலாம். பட்டப்பகலில் விளக்கின் ஆளியைப் போட்டு, பலகையை உள்ளங்கையால் நன்றாக மூடுங்கள். விளக்கு எரியும். கையை எடுங்கள், அணையும். தெருவிளக்கின் அடியில் நட்ட சூரிய விளக்கு இரவிலும் எரியாதிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அது பழுதானதன்று; தெருவிளக்கின் ஒளியைப் பகலென்று கொண்டுவிட்டது.

அடுத்து வருவதே இச்சுற்றின் நுட்பமான பகுதி. வெள்ளொளி தரும் எல்.ஈ.டி. எரிவதற்கு ஏறக்குறைய 3 வோற்று வேண்டும். மின்கலத்தில் இருப்பதோ 1.2 வோற்று. நேராக இணைத்தால் ஒளியின் சாயலும் தோன்றாது. நானும் இணைத்துப் பார்த்தேன், இருளே மிஞ்சியது. அப்படியானால், குறைந்த அழுத்தம் கூடிய அழுத்தமாவது எவ்வாறு?

அந்தப் பச்சை உருளையைத் தடையியென்றே நாங்கள் முதலில் நினைத்தோம். வானொலி திருத்தும் தந்தையார்தான், “இது தடையி இல்லைப் பிள்ளை, சுருள்” என்று மகளுக்குச் சொல்லியனுப்பினார். அதன் உள்ளே மெல்லிய செப்புக்கம்பி பல சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. இதனைத் தூண்டி என்பர். 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மைக்கேல் பரடே ஆராய்ந்து வெளிப்படுத்திய மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை.

இதன் தொழிலை விளங்கிக்கொள்ள ஓர் உவமை சொல்கிறேன். தண்ணீர்த் தாங்கியிலிருந்து நீண்ட குழாய் வழியே நீர் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. குழாய்வாயைத் திடீரென அடைத்துவிடுங்கள். குழாய் படாரென்று அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள். ஓடிவந்த நீர் சட்டென நிற்க மாட்டாது. அதன் வேகம் முழுவதும் ஒரு கணத்திற் பேரழுத்தமாகிக் குழாயை மோதுகிறது. தாங்கியின் உயரம் தரும் அழுத்தத்திலும் அது பன்மடங்கு கூடியது.

சுருளில் ஓடும் மின்னும் அவ்வாறே சட்டென நிற்க விரும்பாது. கறுப்புத் துண்டு முதலிற் பாதையைத் திறந்துவிடுகிறது. மின்கலத்திலிருந்து சுருளின் வழியே மின் ஓடுகிறது. சுருளைச் சூழக் காந்தப்புலம் உருவாகிறது. உடனே அப்பாதையை அடைக்கிறது. ஓட்டத்தை விடாது பேண முயலும் சுருள், தன் காந்தப்புலத்திற் சேர்த்த ஆற்றலைக் கொண்டு புதிய அழுத்தமொன்றைப் பிறப்பிக்கிறது. அது கலத்தின் அழுத்தத்தோடு சேர்ந்து 3 வோற்றைத் தொட்டதும் எல்.ஈ.டி. வழியே பாய்ந்து ஒளியாகிறது. மீண்டும் திறப்பு, மீண்டும் அடைப்பு. இவ்வாறு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை, சில விளக்குகளில் இலட்சம் தடவைக்கும் மேலாக நிகழ்கிறது. ஆகவே அந்த விளக்கு ஓயாது எரிவதன்று. எரிந்தும் அணைந்தும் மாறிக்கொண்டே இருப்பது. நம் கண்ணால் அவ்வேகத்தைப் பிரித்தறிய முடியாமையால் தொடர்ந்த ஒளியாகத் தோன்றுகிறது.

அழுத்தம் கூடியதென்றால் ஆற்றலும் கூடியது என்று எண்ணிவிடலாகாது. இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. அழுத்தம் ஏறிய அளவுக்கு ஓட்டம் குறைகிறது. கலத்திலிருந்து 25 மில்லி அம்பியர் புறப்பட்டால், சேதாரமும் போக, எல்.ஈ.டி.க்குச் சென்று சேர்வது ஏறக்குறைய 8 மில்லி அம்பியரே. எனினும் ஒரு நடைபாதைக்கு அது போதும்.

இவ்விளக்கின் ஒரு நாள் வரவுசெலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உதாரணமாக, ஒரு பலகை நல்ல வெயிலில் 60 மில்லி அம்பியர் தருவதாகக் கொள்வோம். ஐந்து மணித்தியால வெயிலில் 300 மில்லி அம்பியர் மணித்தியாலம் கலத்துக்கு வரும். ஏற்றுவதில் உண்டாகும் இழப்புப் போக 240 எஞ்சுவதாக வைத்தால், மணித்தியாலத்துக்கு 25 வீதம் செலவிட்டு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் எரியலாம். மாரிகாலத்தில் வெயில் இரண்டு மணித்தியாலமே கிடைத்தால், வரவு அரைவாசிக்கும் கீழே போய்விடும். விளக்கு நள்ளிரவுக்கு முன்பே அணைந்துவிடும். அது விளக்கின் குற்றமன்று. வரவுக்கேற்ற செலவு என்னும் குடும்ப நீதியே அங்கும் நடக்கிறது.

இவ்வளவும் விளங்கிய பின்னர், எங்கள் பன்னிரண்டு விளக்குகளையும் மேசையில் வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் பழைய கலத்தை எடுத்துவிட்டு, சாதாரண ரோர்ச் பற்றரி ஒன்றைச் சோதனைக்காகச் சில நொடிகள் மாத்திரம் வைத்து, பலகையைத் துணியால் மூடிப் பார்த்தோம். ஏழு விளக்குகள் உடனே எரிந்தன! அவற்றிற் சுற்றுக்கு ஒரு குறையும் இல்லை, கலமே களைத்திருந்தது. நாள்தோறும் நிறைந்தும் வெறுமையாகியும் உழைக்கும் இத்தகைய கலம் சில நூறு தடவைகளின் பின் வலுவிழப்பது இயல்பு. வேறு மூன்றில், மழைநீர் புகுந்து கலத்தைத் தாங்கும் தகடும் ஆளியும் துருவேறியிருந்தன. அரத்தாளால் தேய்த்து, அறுந்த கம்பியை ஈயம் வைத்து ஒட்டியதும் அவையும் உயிர்பெற்றன. இரண்டு மாத்திரமே திருத்த முடியாதவை. பன்னிரண்டையும் குப்பையென்று தீர்ப்பளித்த எனக்கு, அந்தப் பத்து விளக்குகளும் நல்லதொரு பாடம் படிப்பித்தன.

இன்னொன்றையும் மறையாது சொல்லவேண்டும். வெளியில் எடுத்த பழைய கலங்கள் சிலவற்றின் மேல் நிக்கல் கட்மியம் என்று அச்சிடப்பட்டிருந்தது. கட்மியம் நச்சு உலோகம். உடலிற் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுப்பது. நான் எறியச் சொன்ன குப்பைக்குழி எங்கள் கிணற்றிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. பாம்புக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் காக்க நினைத்த நானே, அவர்கள் குடிக்கும் நீருக்கு அருகில் நஞ்சைப் புதைக்கவிருந்தேன். அறியாமை எத்துணை எளிதாக நல்லெண்ணத்தின் உருவில் வந்துவிடுகிறது! அக்கலங்களை இப்பொழுது ஒரு போத்தலில் இட்டு மூடி, மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுப்பதற்காக வைத்திருக்கிறோம்.

நேயர்களே, உங்கள் வீட்டு விளக்கு அணைந்துபோனால் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, சூரியப் பலகையில் உள்ள தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டாவது, ஆளி போடப்பட்டிருக்கிறதா, தகடுகள் துருவின்றி இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது, கலத்தை மாற்றுங்கள். மாற்றும்போது அதே அளவும் அதே வோற்றும் உடைய, மீள மின்னேற்றத்தக்க நிக்கல் கலத்தையே இடவேண்டும். சாதாரணப் பற்றரியை உள்ளே நிலையாக வைத்துவிடாதீர்கள். அது மின்னேற்றத்துக்கு ஆகாதது. ஒழுகிச் சுற்றையே அரித்துவிடும். சில விளக்குகளில் லிதியக் கலம் இருக்கும். அதன் வோற்று வேறு. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை இடலாகாது. நான்காவது, பழைய கலத்தை மண்ணில் புதையாதீர்கள், நெருப்பிலும் இடாதீர்கள்.

எங்கள் பாதையில் இப்பொழுது பத்து விளக்குகள் எரிகின்றன. பணவுதவி கேட்டு எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். புதிய கலங்களுக்கான செலவைப் பாடசாலையே தாங்கிக்கொண்டது. திருத்த முடியாத இரண்டு விளக்குகளும் விஞ்ஞான அறையின் மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து ஆறாம் தரத்துப் பிள்ளைகளும் சுருள் எது, கலம் எது என்று சுட்டிக்காட்டுகிறார்கள். சென்ற மாதம் ஒரு சிறுவன், “சுருளில் நிறக்கோடுகள் ஏன், சேர்?” என்று என்னிடம் கேட்டான்.

“எனக்குத் தெரியாது, தம்பி. வா, கேட்டுப் பார்ப்போம்” என்று சொல்லி, அவனைப் பத்தாம் தர வகுப்பறைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே அந்த மாணவி எங்கள் இருவருக்கும் விளக்கம் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய கேள்வியோடு வந்தால், விடை தெரியவில்லையென்று கூச்சப்படாதீர்கள். ஒரு திருப்புளியை எடுத்து அவர்கள் கையிற் கொடுத்து, அருகில் அமர்ந்துகொள்ளுங்கள்.